வலிக்கிற கால்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாக்கித் திடல் வாசலில் கார்க் கண்ணாடியை இறக்கி, "மிஸ், கார் எங்க நிப்பாட்டலாம்?" என்று சுபேசன் கேட்டான் அல்லவா? கலாதேவியும் கையை நீட்டி இடம் காட்டினாள் அல்லவா? அவன் நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஞாயிறு காலை வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடையாளம் கண்டுகொண்டு முகத்தைத் திருப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருத்தியின் வாழ்க்கையைக் கவிழ்த்தவனுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை என்றால், அவள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சுபேசன் வயதில் மூத்தவர். 'அவர், இவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாகக் கலாதேவி மனசுக்குள் அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை. இந்த வாரம் நாமும் அவள் பக்கம் நிற்போம்.

கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நிரை நிரையாக மரம் சீவிப் பால் எடுத்த பத்துமலையின் மூத்த மகள் அவள். பத்தொன்பது வயதில் பேராக் மாநிலப் பெண்கள் ஹாக்கிக் குழுவின் வாசல்வரை வந்துவிட்டாள். அப்போது குழுவுக்கு உடற்பயிற்சி கொடுத்தவன் சுபேசன். கடைசித் தேர்வு நாளில், ஓடிப்போய்க் கோட்டைத் தொட்டுத் திரும்பும் சோதனையை மற்றப் பெண்களெல்லாம் ஒரு தடவை செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். அவளை மட்டும் ஈரத் தரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். இடது முட்டிக்குள் ஏதோ அறுந்தது.

அவள் தரையில் கிடந்து துடித்தபோது அவன் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்: "தோட்டத்துக் கால், பிள்ளையள். நிரை பிடிச்சு நேராத்தான் போகும். திரும்பத் தெரியாது."

மகள் ஓடுவதைப் பார்க்க வந்து வேலியோரம் நின்ற பத்துமலையின் காதில் அது விழுந்தது. சாகும்வரை அந்தப் பேச்சை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதற்கப்புறம் டிவியில் ஹாக்கி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கலாதேவியின் இடத்துக்குச் சுபேசனின் தங்கை வந்தாள். ஹாக்கிச் சங்கத்தில் விசாரித்தார்கள். "முட்டி வீங்கியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லவில்லை" என்று கையை விரித்தான். அவள் சொல்லவில்லை என்பது உண்மைதான். இடம் போய்விடுமே என்று பயந்து, முன்பே இருந்த வீக்கத்தைத் துணி சுற்றி மறைத்திருந்தாள். அந்த ஒரு முள்தான் இத்தனை வருஷமும் அவனை முழுசாக வெறுக்கவிடாமல் அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

முட்டியை அறுத்துத் தைத்த டாக்டர் துரைசிங்கம் நல்ல மனுஷர். "ஓட முடியாவிட்டால் என்ன பிள்ளை, ஓடுறவையை அளக்கப் படி" என்று சொல்லி விளையாட்டு அறிவியல் படிக்க அனுப்பிவைத்தார். இன்றைக்கு ஈப்போவில் எந்தக் குழு ஆள் எடுத்தாலும், யார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறாள் என்று சோதித்துச் சொல்லக் கலாதேவியைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்கான தேர்வு. வந்தவர்களில் ஒருத்தி பிரதீபா. சுபேசனின் மகள்.

* * *

"இன்னைக்கு அவன் மூக்க ஒடைச்சிட்டு வா. இல்லன்னா வீட்டுக்கு வராத," என்றாள் நவமணி. தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம்மா, அது பதினேழு வயசுப் புள்ள."

"அன்னைக்கு நீ மட்டும் கெழவியா இருந்தியா?"

அம்மா இப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் கலாதேவியும் அந்தப் பேச்சை எடுத்தாள் என்று எனக்குச் சந்தேகம்.

ஈப்போ புந்தோங்கில் அவர்கள் வீட்டுச் சமையலறை சின்னது. மூன்று பேர் நின்றால் ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும். தம்பி ரூபனுக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் தோசைக்கல் பக்கத்தைவிட்டு நகர மாட்டான்.

"எப்படிக்கா ஒடைப்ப?" என்று கேட்டான்.

"தரையில வச்ச கோனச் சுத்தி ஓடுறது யாருக்கும் வரும்டா, பழகிட்டா. எங்க திரும்பணும்னு முன்னாடியே தெரியுமில்ல. ஆட்டத்துல அப்படி இல்ல. எதுத்தாப்புல வர்றவ எந்தப் பக்கம் போறாளோ அதப் பாத்துத்தான் திரும்பணும். இன்னைக்கு அந்தச் சோதனைக்கு எதுத்தாப்புல நிக்கப் போறது நானு."

"நின்னா?"

"கண்ணு ஏமாத்தும், தோளு ஏமாத்தும். எந்தப் பக்கம் போகப் போறேன்னு இடுப்பு முன்னாடியே சொல்லிடும். மத்த புள்ளைங்களுக்கு அது சொல்லட்டும். அவளுக்கு மட்டும் சொல்லாது."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினாள். அம்மாவை எதிரே நிறுத்தி, இரண்டு எட்டு வைத்து, இந்தப் பக்கம் போவதுபோல் வந்து அந்தப் பக்கம் நழுவினாள். நவமணி தோசைக் கரண்டியோடு குளிர்ப்பெட்டியில் போய் மோதிக்கொண்டாள். மோதிய தோளைத் தடவிக்கொண்டே வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

"ஐயோ ஐயோ, இது போதும்லா! அவ அப்பன் பாக்குற மாதிரி செய்யி!"

"அக்கா, இது கள்ளாட்டம்," என்றான் ரூபன். "நான் வேணும்னா கார் பார்க்கிங்ல வச்சி அவனுக்கு ரெண்டு போடுறேன். அது ஒழுங்கான முறை."

"நீ வேலிக்கு வெளிய நில்லு. வாயத் தொறக்காம நில்லு. அது போதும்."

அவனுக்குத் தோசை விக்கியது. அக்கா அப்படி அழுத்திச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்று அவனுக்குத் தெரியும்.

* * *

காலை வெயில் திடலின் நீலச் செயற்கைத் தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தண்ணீர் தெளித்துவிட்டிருந்தார்கள். கலாதேவி கோன்களை அடுக்கி, நேரம் அளக்கும் கருவிகளை முக்காலிகளில் பொருத்தி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கையை ஆட்டிச் சரிபார்த்தாள்.

தலைமைப் பயிற்சியாளர் ரொஹானா மலாய் மொழியில் கேட்டாள்: "கடைசிச் சோதனைக்கு விளக்குப் பெட்டி இருக்கே கலா. எந்தப் பக்கம் எரியுதோ அந்தப் பக்கம் ஓடட்டும். நீ எதுக்கு உன் முட்டிய வச்சிக்கிட்டு சிரமப்படணும்?"

"விளக்குக்கு இடுப்பு இல்ல, கோச். ஆட்டத்துல எதிராளிக்கு இருக்கு."

ரொஹானா சிரித்துவிட்டுச் சரி என்றாள். கலாதேவி பொய் சொல்லவில்லை. விளக்கைப் பார்த்துத் திரும்புவது வேறு, ஆளைப் பார்த்துத் திரும்புவது வேறு. அவள் படித்த படிப்பு முழுக்க அதைத்தான் சொல்கிறது. உண்மையைச் சொல்லியே ஒருத்தியைக் கவிழ்க்க முடிகிற வசதி எல்லாருக்கும் வாய்க்காது. அன்று அவளுக்கு வாய்த்தது.

முதலில் டி வடிவச் சோதனை. முன்னால் ஓடி, பக்கவாட்டில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நகர்ந்து, பின்னாலேயே ஓடி வர வேண்டும். அடுத்தது கோட்டைத் தொட்டுத் திரும்பும் ஓட்டம். வலது காலால் ஒன்று, இடது காலால் ஒன்று. யாருக்கும் அதற்குமேல் கிடையாது. அந்த விதியில் கலாதேவி கல்லாக இருப்பாள்.

பிரதீபா ஓடினாள். ஓடினாள் என்றால் சாதாரண ஓட்டமா? கோடு நெருங்கும்போது எட்டுகளைச் சின்னதாக்கி, உடம்பைத் தாழ்த்தி, காலை ஊன்றிய மறுகணம் வந்த திசையில் பறந்தாள். வலது காலும் இடது காலும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. இதையே தொழிலாகப் பார்க்கும் கலாதேவிக்கு ஒரு நிமிஷம் மனசு நிறைந்துபோனது. அப்படி நிறைந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வேலிப் பக்கம் திரும்பினால், அங்கே ரூபனும் சுபேசனும் தோளோடு தோள் நின்று எதையோ தின்றுகொண்டிருக்கிறார்கள்!

தண்ணீர் இடைவேளையில் தம்பியைத் தனியே இழுத்தாள். "என்னடா திங்கிற?"

"கறிபாப், உருளக்கெழங்கு வச்சது. அவன்தான் குடுத்தான்."

"நீ வாங்கித் தின்னியா?"

"சூடா இருந்திச்சிலா, அக்கா." ரூபனுக்கே வெட்கமாக இருந்தது. "உன்னக் காட்டி, 'நல்லாச் செய்யிறா, ஆர் இந்தப் பிள்ளை'ன்னு என்கிட்ட கேக்குறான். நான் வாயத் தொறக்கல. நீ சொன்ன மாதிரியே."

ஆர் இந்தப் பிள்ளை! கலாதேவி தண்ணீர்ப் போத்தலை மூடினாள். பொறு, கொஞ்ச நேரத்தில் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

கடைசிச் சோதனை ரொம்ப எளிது. பெண் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருவாள். கலாதேவி இந்தப் பக்கத்திலிருந்து சில எட்டு வைத்து, திடீரென்று ஒரு பக்கம் வெட்டுவாள். ஒன்று வேலிப் பக்கம், இல்லாவிட்டால் கொட்டகைப் பக்கம். பெண்ணும் அதே பக்கம் வெட்டி ஓட வேண்டும். ஆளுக்கு ஐந்து தடவை. பக்கம் தப்பினால் ரொஹானா தன் கைக்கணினியில் தவறு என்று குறிப்பாள்.

கோப்பெங்கிலிருந்து வந்த புஷ்பலதா முதலில் நின்றாள். கலாதேவி ஒழுங்காக வெட்டினாள். இடுப்பு சொன்னது; புஷ்பலதா படித்தாள். ஒன்று மட்டும் தவறியது. அடுத்து வந்தவர்களுக்கும் அப்படியே. ஒருத்திக்கும் குறை வைக்கவில்லை.

பிறகு பிரதீபா வந்தாள். ஓடுவதற்கு முன் கலாதேவியைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அப்பன் சாயல் துளிகூட இல்லை. அது கலாதேவிக்கு இடைஞ்சலாக இருந்தது. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுத்து, வேலியில் சாய்ந்து நின்றவன்மேல் வைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினாள்.

முதல் தடவை. இடுப்பைக் கட்டிப் பிடித்து, கொட்டகைப் பக்கம் முழுசாகச் சாய்ந்து, கடைசிக் கணத்தில் வேலிப் பக்கம் வெட்டினாள். பிரதீபா கொட்டகைப் பக்கம் ஓடிப்போய், நின்று, திருதிருவென விழித்தாள்.

"தவறு," என்றாள் ரொஹானா.

இரண்டாம் தடவை இதையே மாற்றிச் செய்தாள். பிரதீபா மறுபடியும் ஏமாந்தாள். இந்தத் தடவை கால் இடறி ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.

"பிரதீபா! அவசரப்படாதை! பாத்து ஓடு!" வேலியிலிருந்து கத்தல். அந்தக் குரலில் பதற்றம் இருந்தது.

இனித்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் இனித்தது. அந்தப் பதற்றத்தைக் கேட்கத்தான் கலாதேவி இத்தனை வருஷம் காது கொடுத்திருந்தாள். இன்னும் மூன்று தடவை இருக்கிறது. மூன்றிலும் இவளை மண்ணைக் கவ்வ வைக்கலாம். இதை அப்பா இருந்து பார்க்க முடியவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது.

பிரதீபா தொடக்கக் கோட்டுக்குத் திரும்பிப்போனாள். போகும்போது வேலியை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் கலாதேவியைப் பார்த்தாள். முகத்தை இல்லை, இடுப்பையும் இல்லை. அதற்கும் கீழே எங்கேயோ.

மூன்றாம் தடவை கலாதேவி வேலிப் பக்கம் வெட்டினாள். அவள் வெட்டி முடிக்குமுன் பிரதீபா அங்கே போய்விட்டிருந்தாள்.

குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். நான்காம் தடவை கொட்டகைப் பக்கம். அதிலும் பிரதீபா முந்திக்கொண்டாள். ஐந்தாம் தடவை கலாதேவி தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினாள். கண் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், இடுப்பு எந்தப் பக்கமும் இல்லை. முட்டி வலித்து உயிர் போனது. பிரதீபா சிரமமே இல்லாமல் சரியான பக்கம் ஓடி, கருவியைக் கடந்து, கையைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

ஓரமாய்ப் போய்த் தரையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள் கலாதேவி. சிறிது நேரத்தில் ஒரு நிழல் விழுந்தது.

"மிஸ், ஐஸ் கொண்டாந்திருக்கேன். ரொம்ப வலிக்குதா?"

ஐஸ் பையை அவளே முட்டியில் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டாள் பிரதீபா. இவளிடம் போய் என் ஆத்திரத்தைக் காட்டினேனே என்று கலாதேவிக்குள் ஏதோ கரைய ஆரம்பித்தது. அந்த முதல் இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள், நான் சரியாகச் செய்யவில்லை என்று ரொஹானாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்துவிட்டாள்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டாள்.

"சொன்னா கோவிக்க மாட்டீங்களே? வேலிப் பக்கம் போகணும்னா நீங்க எடது கால ஊனித் தள்ளணும். தள்ளுறதுக்கு முன்னாடி அந்த முட்டி கொஞ்சம் தயங்குது, மிஸ். தயங்கலன்னா மத்தப் பக்கம்."

"நீயா பாத்தியா?"

"மொத ரெண்டு தடவ பாக்கல. நான் இடுப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் அப்பா வேலிகிட்ட நின்னு அவர் எடது முட்டியத் தட்டிக் காட்டினாரு." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது தப்பா மிஸ்? அவர் எப்பவும் அப்படித்தான். இடுப்பு பொய் சொன்னாலும் வலிக்கிற கால் பொய் சொல்லாதுன்னு சொல்வாரு. ஒரு ஆள் நடந்து வந்தாலே போதும், எந்தக் காலுல நோவுன்னு தூரத்துல இருந்தே சொல்லிடுவாரு."

கலாதேவி கேட்டாள்: "இத இப்பத்தான் பழகினாரா, முன்னாடியேவா?"

"முன்னாடியே, மிஸ். அவர் பேராக்குக்கு கோச்சா இருந்தப்ப அவர்கிட்ட யாராலயும் காயத்த மறைக்க முடியாதாம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையத்தான் பெருமையா சொல்லிக்கிட்டு இருப்பாரு."

ஐஸ் குளிர்ந்தது. கலாதேவிக்கு வேர்த்தது.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எத்தனை துணி சுற்றினால் என்ன? தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறான், பார்த்துத்தான் ஓடவிட்டிருக்கிறான், அறுகிறவரை ஓடவிட்டிருக்கிறான். இத்தனை வருஷமும் ராத்திரி படுத்தால், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பானோ என்று தன்னையே அல்லவா அவள் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்! அந்த முள் கழன்றது. மிச்சமில்லாமல் வெறுக்க இனி ஒரு தடையும் இல்லை.

ரொஹானா வந்தாள். "கலா, கடைசி ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் இருக்காங்க. இந்தப் பொண்ணும் புஷ்பலதாவும். கோன் ஓட்டத்துல இவதான் முதல். ஆனா ஆளைப் பாத்துத் திரும்புறதுல ரெண்டு தப்பு. நாளைக்கு முடிவு சொல்லணும். நீ என்ன நினைக்கிற?"

பிரதீபா ஐஸ் பையைப் பிடித்தபடி கலாதேவியின் வாயையே பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன், கோச்," என்றாள் கலாதேவி.

* * *

பொருட்களை ரூபன் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சுபேசன் வந்தான். தலை நரைத்திருந்தது, சட்டை இஸ்திரி குலையாமல் இருந்தது. பக்கத்தில் பிரதீபா, தோளில் பையும் கையில் மட்டையுமாக.

"மிஸ், நல்லாச் செய்தீங்கள். எங்கட காலத்திலை இப்படி இல்லை. நீங்கள் எந்த ஊர்ப் பிள்ளை?"

கலாதேவி நிமிர்ந்து நின்றாள். "கோப்பெங் பக்கத்துத் தோட்டம். பத்துமலை மகள். கலாதேவி."

ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நடந்தது. அவன் கண் அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, இடது முட்டியில் போய் நின்றது. புன்னகை அப்படியே இருந்தது. அதைத் தாங்கியிருந்த முகம் மட்டும் தொய்ந்துபோனது.

"ஓ... நீயா, பிள்ளை." கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "எவ்வளவு காலம்! அது ஒரு பொல்லாத நாள். நான் எத்தனையோ தரம் யோசிச்சிருக்கிறன். ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். உன்ர முட்டியிலை நோவெண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

கலாதேவி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவசியமே இருக்கவில்லை.

"அப்பா." பிரதீபாவின் குரல் மிக மெல்லியதாக இருந்தது. "உங்களுக்கா தெரியாது?"

"நீ சும்மா இரு, பிரதீபா. இது பெரியாக்கள் கதை."

"இன்னைக்கு வேலிக்கு அந்தாண்ட இருந்து பாத்தீங்களே. அன்னைக்கு பக்கத்துலயே நின்னீங்கதானே?"

சுபேசன் மகளைப் பார்த்தான். பார்க்க முடியாமல் காரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடி கழுத்தைத் துடைத்தான். சங்கத்து ஆட்கள் வளைத்து வளைத்துக் கேட்டபோது அசராதவன், பெற்ற பெண் ஒரு கேள்வி கேட்டதும் வாயடைத்துப்போனான். கலாதேவி அதை ஆசை தீரப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க மாட்டானா என்று இருந்தது.

"காரிலை ஏறு," என்றான் கடைசியில்.

"நான் வரல." பிரதீபா கலாதேவியிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "மிஸ், என்னைய ஸ்கூல் ஹாஸ்டல்ல எறக்கி விட்டுருவீங்களா?"

அடித்தாலும் இந்த அடி விழுந்திருக்காது. எதிரியின் மகள் எதிரியை விட்டுவிட்டுத் தானாக வந்து தன் காரில் ஏறுகிறாள்! கலாதேவி பின்கதவைத் திறந்துவிட்டாள்.

ரூபன் வண்டியை எடுத்தான். சாலைக்கு வந்ததும் பின்னால் பார்த்தால் சுபேசனின் காரும் வந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். தலையைத் தடவிக் கொடுக்கலாமா என்று கலாதேவி கையை எடுத்தாள். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அப்போது ரூபனுக்கு அழைப்பு வந்தது. பழக்கத்தில் அவன் திரையைத் தட்டிவிட்டான். காரின் அத்தனை ஒலிபெருக்கியிலும் நவமணி பேசினாள்.

"ஏன்டா, போன எடுக்க மாட்டாளா அவ? என்னாச்சி? காலையில என்கிட்ட காட்டுன மாதிரி இடுப்ப மறைச்சி அந்தப் பொண்ண ஏமாத்துனாளா இல்லியா?"

ரூபன் பதறிப்போய் எதையோ அழுத்தினான். சத்தம் கூடியது.

"அவளுக்கு மட்டும்தான அப்படி செஞ்சா? மத்த புள்ளைங்களுக்கு ஒழுங்கா செஞ்சால்ல? யாரும் கண்டுபுடிக்கலியே? அந்தப் பாவி மூஞ்சி எப்படி இருந்திச்சி, அதச் சொல்லு மொதல்ல!"

ஒருவழியாக அழைப்பு அறுந்தது. பின் இருக்கையில் மூக்கு உறிஞ்சும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"மிஸ்."

கலாதேவி திரும்பவில்லை.

"மொத ரெண்டு தடவ... அது எனக்கு மட்டுமா?"

அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஏதாவது உளறும் என்று சொல்லலாம். ரூபன் அதைத்தான் எதிர்பார்த்து அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஆமா," என்றாள் கலாதேவி. "உனக்கு மட்டும்தான்."

"எங்கப்பாவுக்காகவா?"

"ஆமா."

"அந்த ரெண்டும் இன்னும் கோச்கிட்ட தப்புன்னுதான் இருக்கா?"

"இருக்கு."

"எடுக்கச் சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் மகளுக்கு இடமில்லை என்ற செய்தியைக் கேட்டுச் சுபேசன் நாளைக்கு நிற்கப்போகும் நிலை கலாதேவியின் கண்முன் வந்தது. அது இப்போதும் இனித்தது. மகள் பின்னால் உட்கார்ந்து காத்திருக்கும்போதுகூட இனித்தது.

"தெரியல," என்றாள்.

பிரதீபா இருக்கையில் கிடந்த பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, கார ஓரமா நிப்பாட்டுங்க."

ரூபன் அக்காவைப் பார்த்தான். கலாதேவி முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓரம்கட்டினான். பிரதீபா மட்டையோடு இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பின்னால் வந்த சுபேசனின் காரும் நின்றது. அவள் அந்தக் காரையும் பார்க்கவில்லை, இந்தக் காரையும் பார்க்கவில்லை. உச்சி வெயிலில், லாரிகள் போய்க்கொண்டிருந்த சாலையின் விளிம்பில் தனியாக நடக்க ஆரம்பித்தாள்.

கலாதேவி கதவைத் திறந்து வலிக்கிற காலைக் கீழே வைத்தாள். பின்னால் சுபேசனும் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.